எது தர்மம்?

கைப்பேசியின் திரையில் ஒரு வட்டம் தோன்றுகிறது. முகத்தை அந்த வட்டத்துக்குள் வைக்கும்படி அறிவிப்பு வருகிறது. அடுத்து, கண்களைச் சிமிட்டும்படி இன்னோர் அறிவிப்பு. வங்கிக் கணக்குத் தொடங்க வந்திருப்பவர் உயிருள்ள மனிதர்தானா, அல்லது எவருடைய புகைப்படத்தையோ காட்டி ஏமாற்ற வந்தவரா என்பதை அறிய மென்பொருள் வைக்கும் சோதனை அது. பெரும்பாலோர் ஒரு நொடியில் கண்ணைச் சிமிட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அமிலத் தாக்குதலால் இமைகள் சிதைந்துபோன ஒரு பெண்ணால் அது இயலாது. அவர் மூச்சு விடுகிறார், பேசுகிறார், உழைத்துப் பொருள் ஈட்டுகிறார். ஆனாலும் கருவியின் கணக்கில் அவர் உயிருள்ளவராகத் தேறவில்லை.

அமிலத் தாக்குதலுக்கு உள்ளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னணு வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையிலிருந்து பிரிக்க முடியாத பகுதி என்று நீதிபதிகள் கூறினார்கள். ஒருவர் உயிருள்ளவர் என்பதை உறுதி செய்யக் கண் சிமிட்டுதலைத் தவிர வேறு வழிகளும் வேண்டும் என்பது உள்ளிட்ட 20 கட்டளைகளை அவர்கள் பிறப்பித்தார்கள்.

நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. ஆயினும் சிந்திப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்தப் பெண்ணை வெளியே நிறுத்த வேண்டும் என்று எவரும் திட்டமிடவில்லை. மென்பொருளை எழுதியவர் கொடியவர் அல்லர். ‘மனிதன்’ என்று எண்ணியபோது அவர் மனத்தில் ஓர் உருவம் எழுந்தது. அந்த உருவத்துக்குச் சிமிட்டும் கண்கள் இருந்தன. அவ்வளவுதான் நடந்தது. தீய எண்ணம் இல்லாத இடத்தில் தவறு உண்டா? மாற்றுத்திறனாளிகளுக்கு வழி திறந்து வைப்பது இரக்கமுள்ளவர்கள் செய்யும் உபகாரமா, அல்லது எல்லோரும் செலுத்தியே தீர வேண்டிய கடனா?

ஒரு சொல், இரு பொருள்

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, தமிழில் அன்றாடம் புழங்கும் ஒரு சொல் துணைக்கு வருகிறது. கோயில் வாசலில் கையேந்தி நிற்பவர் ‘தர்மம் பண்ணுங்க சாமி’ என்கிறார். அங்கே தர்மம் என்றால் பிச்சை. முன்பெல்லாம் இலவசமாக வைத்தியம் பார்க்கும் அரசு மருத்துவமனையைத் ‘தர்ம ஆஸ்பத்திரி’ என்பார்கள். அங்கே தர்மம் என்றால் காசு வாங்காமல் செய்வது. கொடுப்பவர் மனம் இளகினால் கிடைக்கும். இளகாவிட்டால் கேட்பவர் அடுத்த வாசலுக்குப் போக வேண்டும்.

ஆனால் சான்றோர்கள் அறிந்த தர்மம் வேறு. ‘தாங்குதல்’ என்னும் பொருள் கொண்ட வேரிலிருந்து பிறந்த சொல் அது. உலகத்தை எது தாங்கி நிற்கிறதோ, அது தர்மம். வீட்டைத் தூண் தாங்குகிறது. அது வீட்டுக்குச் செய்யும் உபகாரம் என்று எவரும் சொல்வதில்லை. தாங்காவிட்டால் அது தூணே அன்று.

இவ்விரு பொருள்களில் ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொள்ளும்போது துன்பம் தொடங்குகிறது. தாங்கி நிற்க வேண்டிய ஒன்றைப் பிச்சையாகப் போடுகிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டால், வாசலைத் திறப்பவர் வள்ளலாகிவிடுகிறார். உள்ளே வரவேண்டியவர் இரப்பவராகிவிடுகிறார். மென்பொருள் உலகில் இன்று நடப்பது பெரும்பாலும் இதுவே.

எழுதாமல் விட்ட சிறு சொற்கள்

பார்வையற்றவர் கணினியையோ கைப்பேசியையோ எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பதை அறியாதவர் பலர். திரையில் உள்ளவற்றைக் குரலாக மாற்றிச் சொல்லும் ஒரு மென்பொருள் அவருக்குத் துணை நிற்கிறது. அதற்குத் திரைவாசிப்பான் என்று பெயர். அவர் விசைப்பலகையின் ஒரு விசையை அழுத்தியோ, திரையை விரலால் வருடியோ ஒவ்வொன்றாக நகர்ந்து செல்கிறார். வந்து சேர்ந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதைத் திரைவாசிப்பான் காதில் சொல்கிறது.

அது பெரும்பாலும் படங்களைப் பார்த்துப் பொருள் கொள்வதில்லை; திரைக்குப் பின்னால் மென்பொருளை எழுதியவர் விட்டுச்சென்ற சொற்களையே வாசிக்கிறது. பணம் அனுப்பும் பொத்தானுக்கு ஓர் அம்புக்குறியைப் படமாகப் போட்டு, ‘பணம் அனுப்பு’ என்ற பெயரைப் பின்னால் எழுதி வைத்திருந்தால், காதில் அந்தச் சொற்கள் ஒலிக்கும். பெயர் எழுதாமல் விட்டிருந்தால், ‘பொத்தான்’ என்று மட்டும் ஒலிக்கும். அடுத்ததும் ‘பொத்தான்’. அதற்கு அடுத்ததும் ‘பொத்தான்’. எது பணத்தை அனுப்பும், எது கணக்கை மூடும் என்று அறிய வழியில்லை. பெயர்ப்பலகைகளை எல்லாம் கழற்றிவிட்ட ஊரில் ஒருவரைக் கொண்டுபோய் விட்டதற்கு ஒப்பானது அது.

மற்றவர்களுக்கும் இவ்வாறே. காது கேளாதவருக்குக் காணொளியின் அடியில் ஓடும் எழுத்துகள் வேண்டும். கை நடுங்குபவருக்குச் சுட்டெலி இல்லாமல் விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் செய்ய இயல வேண்டும். பார்வை மங்கியவருக்கு எழுத்தும் பின்னணியும் தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும். மெதுவாகச் செயல்படுபவருக்கு, பாதிப் படிவத்தை நிரப்பும்போதே ‘நேரம் முடிந்தது’ என்று கதவு சாத்தப்படக் கூடாது.

இவை எவரும் அறியாத இரகசியங்கள் அல்ல. இணையத்துக்கான உலகப் பொது நெறிகளை வகுக்கும் அமைப்பு, 1999-ஆம் ஆண்டிலேயே இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2008-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு எல்லாவற்றையும் நான்கு கொள்கைகளில் அடக்கியது. திரையில் இருப்பதை ஏதேனும் ஒரு புலனால் உணர முடிய வேண்டும். அதை இயக்க முடிய வேண்டும். அது புரிய வேண்டும். வெவ்வேறு துணைக்கருவிகளோடும் அது ஒத்துப்போக வேண்டும். எழுத்தின் நிறத்துக்கும் பின்னணியின் நிறத்துக்கும் இடையே இருக்க வேண்டிய ஒளி வேறுபாட்டைக்கூட, சாதாரண அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்று அது அளந்து கொடுத்திருக்கிறது.

வழி தெரிந்திருந்தும் வாசல்கள் ஏன் மூடியிருக்கின்றன? மறதியால். ஆனால் ஒருவன் எதை மறக்கிறான் என்பது தற்செயலானது அன்று. வணிகன் தனக்கு வரவேண்டிய பணத்தை மறப்பதில்லை. தாய் பசித்த குழந்தையை மறப்பதில்லை. தனக்கு முக்கியமானவர்களை எவரும் மறப்பதில்லை. எனவே, மறதி என்பது தவறுக்குச் சமாதானம் ஆகாது. மனத்தில் யாருக்கு இடம் இல்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி அது.

மூன்று சமாதானங்கள்

இதற்கு வழக்கமாக மூன்று சமாதானங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே என்பது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர் என்று பதிவு செய்தது. அந்தக் கணக்கெடுப்பு கேட்டது எட்டு வகைக் குறைபாடுகளை மட்டுமே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. முதுமையில் கண் மங்குவதும், காது மந்தமாவதும், விரல் தடுமாறுவதும் எல்லா வீட்டிலும் நடப்பவை. ஆனால் எண்ணிக்கையைக் காட்டி வாதிடுவதே தர்மத்தைச் சந்தைக்குக் கொண்டுவருவதாகும். வாசலில் நிற்பவர் ஒருவரே ஆனாலும், அவருக்கு உள்ளே வரும் உரிமை முழுமையாக உண்டு. அவரைப் போல் இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து அந்த உரிமை கூடுவதோ குறைவதோ இல்லை.

இரண்டாவது, செலவு அதிகம் என்பது. வீடு கட்டி முடித்த பிறகு படிகளை இடித்துச் சாய்தளம் அமைப்பவருக்குச் செலவு அதிகம்தான். அஸ்திவாரம் போடும்போதே எண்ணியிருந்தால் அது வீட்டோடு எழுந்திருக்கும். மென்பொருளும் அவ்வாறே. மேலும், ஒருவருக்காகத் திறந்த வழியில் பலர் நடப்பது உலக அனுபவம். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1970-களின் தொடக்கத்தில், சக்கர நாற்காலியில் செல்வோர் ஏறி இறங்குவதற்காக நடைபாதையின் விளிம்புகளைச் சரிவாக்கினார்கள். குழந்தையை வண்டியில் தள்ளிச் செல்லும் தாய்மாரும், சுமை வண்டி தள்ளுவோரும், முதியவர்களும் அதே சரிவில் நடந்தார்கள். காது கேளாதவருக்காகத் திரையில் ஓடும் எழுத்துகளை, இரைச்சல் மிகுந்த ரயில் பயணத்தில் இன்று எத்தனையோ பேர் வாசிக்கிறார்கள்.

மூன்றாவது சமாதானமே மிக நுட்பமானது, நல்லவர்களும் மயங்கக்கூடியது. ‘பக்கத்தில் இருப்பவர் உதவி செய்யலாமே’ என்பது அது. வங்கியில் பணம் அனுப்ப வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்து கொடுப்பான். தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா? தங்கை நிரப்பித் தருவாள். உதவுவது புண்ணியம் அல்லவா?

உதவி புண்ணியமே. ஆனால் அந்த உதவியைப் பெறுபவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பணம் அனுப்ப அவர் தம் கடவுச்சொல்லை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை இன்னொருவர் பார்க்க வேண்டும். தம்மிடம் எவ்வளவு பணம் இருக்கிறது, எந்த நோய்க்கு மருந்து வாங்குகிறார், யாருக்குக் கடிதம் எழுதுகிறார் என்பவை எல்லாம் இன்னொருவர் கண்ணில் படுகின்றன. கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லாதீர்கள் என்று எச்சரிக்கும் அதே அமைப்பு, சொல்லாமல் வாழ முடியாத நிலையில் அவரை வைத்திருக்கிறது. உதவுபவர் வெளியூர் சென்றிருந்தால் அவருடைய வேலை காத்திருக்கிறது. உதவுபவர் முகம் சுளித்தால் அவருடைய தன்மானம் காயப்படுகிறது. உதவுபவர் நேர்மையற்றவரானால் அவருடைய சேமிப்பே போய்விடுகிறது.

இங்கே சாதகர் தம் உள்ளத்தையும் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிறருக்கு உதவும்போது உண்டாகும் இன்பத்தில் ஒரு பங்கு, தான் இல்லாமல் அவரால் முடியாது என்ற எண்ணத்திலிருந்து வருகிறது. அது அகங்காரத்தின் மெல்லிய வடிவம். தான் தேவைப்படாத நாள் வர வேண்டும் என்று விரும்பி உதவுபவர் அரியவர். கைபிடித்துப் படியேற்றுவது நல்லது. ஆனால் படியே தடையாக இருக்கும்போது அதை நீக்காமல் நாள்தோறும் கைபிடித்து ஏற்றிப் புண்ணியம் சேர்ப்பது எவ்வகை நன்மை?

கேட்டறியாத நல்லெண்ணம்

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. பிரான்ஸ் நாட்டில் பார்வையற்ற மாணவர்களுக்காக முதலில் ஏற்பட்ட பள்ளியில், சாதாரண எழுத்துகளையே தாளில் புடைப்பாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு அது பொருத்தமாகத் தோன்றியது. அவர்கள் கண்ணுக்கு அது எழுத்தாகவே தெரிந்தது. மாணவர்களின் விரல்களோ ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் தடவித் தடவித் தடுமாறின. அந்தப் பள்ளியில் பயின்ற, சிறுவயதிலேயே பார்வை இழந்த லூயி பிரெயில், புடைத்த புள்ளிகளால் ஆன தம் முறையை 1824-இல், தமது 15-ஆம் வயதில் வகுத்தார். விரலின் ஒரு தொடுதலில் ஓர் எழுத்து அடங்கியது. ஆயினும் அவர் படித்த பள்ளியே அதை முறைப்படி ஏற்றது 1854-இல். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

அந்த ஆசிரியர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். பிறருக்கு எது நன்மை என்பதைத் தங்கள் கண்ணாலேயே தீர்மானித்தார்கள். அதுவே அவர்கள் குறை. யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம் கேளாமல் செய்யும் நன்மை, பெரும்பாலும் செய்பவரின் மனநிறைவோடு முடிந்துவிடுகிறது.

கணினி யுகத்திலும் இதே பாடம் திரும்ப வந்தது. திரைவாசிப்பான்களின் விலை எளியவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு திரைவாசிப்பானை 2006-இல் எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான அவருடைய நண்பர் ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். பார்வையற்ற சிறுவர்களுக்கான ஓர் இசை முகாமில் அறிமுகமானவர்கள் அவர்கள். அவர்கள் உருவாக்கிய ‘என்.வி.டி.ஏ.’ என்ற அந்த மென்பொருளின் மூல நிரல் எவரும் பார்த்துத் திருத்தக்கூடியதாக வெளியிடப்பட்டது. பல நாட்டுத் தொண்டர்கள் அதைத் தத்தம் மொழிகளுக்குக் கொண்டுசென்றார்கள். தமிழ் உட்பட 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் இன்று அது கிடைக்கிறது.

பெறுபவர்கள் என்று உலகம் ஒதுக்கிவைத்தவர்களே கொடுப்பவர்களாக எழுந்த நிகழ்ச்சி இது. ஒருவர் என்றென்றும் பெறுபவர், மற்றவர் என்றென்றும் கொடுப்பவர் என்ற பிரிவு மனிதர்கள் ஏற்படுத்தியதே. வாசல் திறந்திருந்தால் வெளியே இருந்தவர் உள்ளே வருவதோடு நிற்பதில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தம்மிடம் உள்ளதைத் தரவும் செய்கிறார்.

சட்டமும் அதற்கு அப்பாலும்

நம் நாட்டுச் சட்டமும் மெல்ல மெல்ல இந்த உண்மையை நோக்கி நகர்ந்திருக்கிறது. 2016-இல் நிறைவேறிய சட்டம் கட்டடங்கள், போக்குவரத்து ஆகியவற்றோடு தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகத்தக்கதாக ஆக்கும்படி கூறுகிறது. ஆனால் அதன்கீழ் இயற்றப்பட்ட விதிகளில் ஒன்று, பின்பற்றினால் நல்லது என்னும் பரிந்துரைகளின் தொகுப்பாகவே இருந்தது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி மூலச் சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய நெறிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட்டது. பரிந்துரைக்கும் கட்டாயத்துக்கும் உள்ள வேறுபாடு, உபகாரத்துக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாடே. 2025-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரு செயலியை வெளியிடும் முன் அதைச் சோதித்துப் பார்க்கும் கட்டத்திலேயே பார்வையற்றவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. லூயி பிரெயிலின் ஆசிரியர்கள் செய்யத் தவறியதும் அதுவே.

எனினும் சட்டத்தால் வாசலைத்தான் திறக்கச் செய்ய முடியும். மனத்தைத் திறக்கச் செய்ய முடியாது. தண்டனைக்கு அஞ்சிச் செய்பவர், விதியின் எழுத்தை நிறைவேற்றிவிட்டு ஓய்ந்துவிடுவார். ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் வேண்டும் என்றால், எல்லாப் படங்களுக்கும் ‘படம்’ என்றே எழுதிவைப்பார். சோதனை தேறிவிடும், காதில் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. உள்ளன்போடு செய்பவரோ, கண்ணை மூடிக்கொண்டு தாமே ஒருமுறை கேட்டுப் பார்ப்பார். பிறகு, அதைக் கேட்டே வாழ்பவரை அழைத்துப் பக்கத்தில் அமர்ந்து, அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொள்வார்.

இந்தப் பணிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இது நன்றாக நடந்தால் எவரும் கவனிப்பதில்லை. அன்னதானம் செய்தவரை வாழ்த்துகிறார்கள். சத்திரம் கட்டியவர் பெயரைக் கல்லில் பொறிக்கிறார்கள். ஒரு பொத்தானுக்குச் சரியான பெயர் எழுதியவரை எவர் அறிவார்? எங்கோ ஓர் ஊரில் பார்வையற்ற ஓர் ஆசிரியர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தம் தாய்க்குத் தாமே அனுப்புகிறார், எதுவும் தடுக்கவில்லை, அவருக்கு எவருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. தோன்றவும் தேவையில்லை. நன்றி கேட்கும் தர்மத்தையும் நன்றி தேவைப்படாத தர்மத்தையும் பிரித்தறிய இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. பலனை எதிர்பாராது செயல் புரிவது எப்படி என்று கேட்கும் இளம் மென்பொருளாளருக்கு, அவருடைய மேசையிலேயே அதற்கான களம் விரிந்திருக்கிறது.

மென்பொருள் எழுதாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய ஆன்மிக நூல்களை ஒளிப்படமாக எடுத்து இணையத்தில் ஏற்றுகிறோம். எழுத்தாக மாற்றப்படாத அந்தப் பக்கம், திரைவாசிப்பானுக்கு வெறும் படம். பார்வையற்ற பக்தருக்கு அந்த நூல் இன்னும் பூட்டிய அறையில்தான் இருக்கிறது. விழா அழைப்பிதழை அழகிய படமாக அனுப்பும்போது, நாளையும் நேரத்தையும் இடத்தையும் கீழே எழுத்தில் சேர்க்க ஒரு நிமிடமே ஆகும். சொற்பொழிவின் காணொளிக்கு எழுத்து வடிவம் சேர்த்தால், காது கேளாதவரும் சத்சங்கத்தில் அமர்ந்தவராவார். இறைவனின் வாசலில் எவரும் அயலார் அல்லர் என்று நம்புகிறவர்கள், தாங்கள் அமைக்கும் வாசலில் யார் நின்றுவிட நேர்கிறது என்று பார்ப்பதே முறை.

அந்தக் கைப்பேசித் திரையின் வட்டம் மறுபடியும் நினைவுக்கு வருகிறது. எதிரே இருப்பவர் உயிருள்ளவர்தானா என்று கேட்டது கருவி. கேட்கும்படி அதற்குக் கற்றுக்கொடுத்தவர் மனிதர். சிமிட்டாத கண்களுக்குப் பின்னாலும் உயிர் இருக்கிறது என்பதைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்கும் முன், அதை மனிதர் தம் உள்ளத்தில் உணர்ந்திருக்க வேண்டும். அந்த உணர்வு உள்ளவர் திறக்கும் வாசலில் கொடுப்பவரும் இல்லை, இரப்பவரும் இல்லை. உலகைத் தாங்கி நிற்கும் தர்மம் அதுவே.